பக்கத்து பெஞ்ச் எழுதும் பாயிரம்

பிளஸ் டூ முடித்த பிள்ளையின் கையில் பள்ளி கொடுக்கும் கடைசித் தாள் மாற்றுச் சான்றிதழ். டி.சி. என்று சொன்னால்தான் வீட்டில் புரியும். பெயர், பெற்றோர் பெயர், பிறந்த தேதி, சேர்ந்த தேதி, விலகிய தேதி எல்லாம் அதில் இருக்கும். ஆனால் அந்தப் பிள்ளை எப்படிப்பட்டவர் என்று சொல்ல அந்தத் தாளில் இரண்டே இடங்கள்தான். ஒன்று அங்க அடையாளம்: வலது கன்னத்தில் ஒரு மச்சம், இடது முழங்கையில் ஒரு தழும்பு. இன்னொன்று நடத்தை: நன்று.

தழும்பு இருப்பது பள்ளிக்குத் தெரியும். அது எப்படி வந்தது என்பது பக்கத்து பெஞ்சுக்குத்தான் தெரியும். ஏழாம் வகுப்பில் பி.டி. பீரியடில் பந்து பக்கத்துக் கட்டடத்து மாடியில் விழுந்ததும், எடுக்கப் போனவன் இறங்க வழி தெரியாமல் ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்ததும், இறங்கியபோது கீறியதும், மறுநாள் "நாய் துரத்திச்சு மிஸ்" என்று முழு வகுப்பும் ஒரே குரலில் சாட்சி சொன்னதும் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் ஒருவரை அருகிலிருந்து பார்த்தவர்களின் சாட்சியத்தை நம் பள்ளிகள் ஒரு பக்கம்கூட எழுதி வாங்கிக்கொள்வதில்லை. வாங்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கோரிக்கை. அதைத் தொடங்க யானைக்கவுனியைவிடப் பொருத்தமான பேட்டை சென்னையில் இல்லை.

யானைக்கவுனி என்ற பெயரே ஒரு வாசலின் பெயர். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கருப்பர் நகரத்தைச் சுற்றிக் கட்டிய மதிலில் இருந்த வாசல்களில் ஒன்று அது. மதில் போய்விட்டது. அதற்காக வரி விதிக்க நினைத்த கதை வால்டாக்ஸ் சாலையின் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு பக்கம் சென்ட்ரல், இன்னொரு பக்கம் பேசின் பிரிட்ஜ், பின்னால் சௌகார்பேட்டை, தங்கசாலை, கொண்டித்தோப்பு. இங்குள்ள ஒரு வகுப்பறைக்குள் தமிழ், தெலுங்கு, மார்வாடி, குஜராத்தி, உருது என்று வீட்டுக்கொரு மொழி வந்து உட்காரும். மதிய உணவு டப்பாக்களைத் திறந்து வைத்தாலே அது தெரிந்துவிடும்: புளிச்சோறு ஒன்று, தேப்லா ஒன்று, கோங்குரா ஒன்று, பிரியாணி ஒன்று. மூடும்போது எது யாருடைய டப்பா என்பதுதான் குழப்பம்.

இங்கே எந்தப் பிளஸ் டூ வகுப்பின் கதவைத் தட்டினாலும் சில முகங்கள் உறுதியாக உண்டு. முதலில் மூன்று கார்த்திக்குகள். வருகைப் பதிவேட்டில் அவர்கள் எஸ். கார்த்திக், எம். கார்த்திக், ஆர். கார்த்திக். வகுப்புக்கு அந்த இனிஷியல்கள் போதாது. அவரவர் அப்பா பெயரிலிருந்து வந்த எழுத்து அவரவரைப் பற்றி எதையும் சொல்லவில்லையே! ஆகவே 'அடிஷனல் ஷீட் கார்த்திக்' என்று ஒருவன் உருவானான். தேர்வு தொடங்கிய நாற்பதாவது நிமிடத்தில் எழுந்து நின்று கூடுதல் தாள் கேட்டு, மூன்றாம் கேள்வியிலேயே தடுமாறிக்கொண்டிருக்கும் மற்றவர் வயிற்றில் புளியைக் கரைப்பவன். அவன் கையெழுத்து அவ்வளவு பெரியது, வரிக்கு நான்கே வார்த்தை என்ற உண்மை விடைத்தாளைத் திருப்பித் தந்த நாளில்தான் தெரிந்தது. அவனை வகுப்பு மன்னித்துவிட்டது.

அடுத்து, வகுப்பின் மொழிபெயர்ப்பாளர். வீட்டில் மார்வாடி, மாடிப்படியில் பக்கத்து வீட்டாரோடு தெலுங்கு, கடையில் இந்தி, பள்ளியில் சென்னைத் தமிழ், விடைத்தாளில் ஆங்கிலம் என்று வாழும் பெண். பெற்றோர் கூட்டத்தில் தமிழ் தெரியாத தோழியின் அம்மாவுக்கும் ஆசிரியைக்கும் நடுவில் உட்காருவாள். "ஒரு எழுத்துகூடப் படிக்கிறதில்லை" என்று ஆசிரியை சொன்னது அந்தப் பக்கம் போய்ச் சேரும்போது "இன்னும் கொஞ்சம் படித்தால் நல்ல மார்க் வரும்" என்று ஆகியிருக்கும். "இவளை என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்கள்" என்று அந்த அம்மா கண் கலங்கியது இந்தப் பக்கம் வரும்போது "வீட்டில் கவனித்துக்கொள்கிறோம்" என்று வரும். இரு தரப்பும் நிம்மதியாகக் கும்பிட்டுப் பிரிவார்கள். ஐக்கிய நாடுகள் சபையில் உட்கார வேண்டிய ஆள்.

பேசின் பிரிட்ஜ் பக்கமிருந்து ஹாரன் சத்தம் கேட்டதும் எந்த வண்டி என்று சொல்லும் பையன் ஒருவன் இருப்பான். அப்பா ரயில்வேயில் இருப்பார், அல்லது வீடு தண்டவாளத்தை ஒட்டி இருக்கும். சுவர்க் கடிகாரம் நின்றுபோன வகுப்பில் அவன்தான் மணி. மாலையில் அப்பாவின் கடைக் கல்லாவில் உட்காரும் இன்னொருவன், தள்ளுபடி போக மீதியை மனக்கணக்கில் சொல்லிவிட்டு, அதே சதவீதக் கணக்கு கரும்பலகையில் வந்தால் நோட்டைப் புரட்டுவான். தேர்வு அறை வாசலில் "சத்தியமா ஒண்ணுமே படிக்கலைடி" என்று அழுதுவிட்டு தொண்ணூற்றெட்டு வாங்கும் பெண்ணை எல்லா ஊர்களும் பெற்றெடுத்திருக்கின்றன. ஆனால் தாமதமாக வருபவனுக்கு இந்தப் பேட்டை தந்த சலுகை வேறெங்கும் கிடையாது. யானைக்கவுனிப் பழைய பாலத்தை இடித்துப் புதிதாகக் கட்டிய அந்த நீண்ட ஆண்டுகள் முழுக்க, "பாலம் வேலை நடக்குது சார்" என்ற ஒரே காரணம் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை எல்லோருக்கும் பொதுவில் உதவியது. பாலத்துக்கு இந்தப் பக்கமே வீடு உள்ளவனும் அதைச் சொன்னான் என்பது வகுப்புக்கு மட்டும் தெரிந்த ரகசியம்.

இதையெல்லாம் எழுதி வைப்பது வெறும் விளையாட்டு என்று நினைப்பவர்கள் நன்னூலைத் திறந்து பார்க்கட்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவணந்தி முனிவர் எழுதிய அந்த இலக்கண நூல், எழுத்தையும் சொல்லையும் தொடும் முன்பே மாணவர்களைப் படம் பிடிக்கிறது. பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னம்போல் ஒருவர். கண்ட இடத்தில் நிறைய மேய்ந்துவிட்டுப் பிறகு அசைபோடும் பசுபோல் ஒருவர். இவர்கள் தலை மாணாக்கர். உழைத்த அளவுக்கே விளையும் மண்ணும், சொல்லிக் கொடுத்ததைத் தாண்டிச் சொல்லாத கிளியும் இடைப்பட்டவர்கள். கடைசி வரிசையில் ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி. நெய்யரி என்பது நெய் வடிகட்டும் வடிகட்டி. நல்ல நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்வது. எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்தைய தமிழ் வகுப்பறையில் கடைசி பெஞ்ச் எப்படி இருந்தது என்பதற்கு இதைவிடச் சிரிப்பூட்டும் சாட்சி தேவையில்லை.

ஆனால் அது ஆசிரியரின் மேடையிலிருந்து பார்த்த பார்வை. அதே கடைசி வரிசையைப் பக்கத்து பெஞ்சிலிருந்து பார்த்தால் கணக்கு மாறும். ஒரு செடியிலும் நிலைக்காமல் அங்கங்கே ஒரு வாய் மேயும் ஆடுதான் 'ஏ' பிரிவிலிருந்து 'இ' பிரிவுவரை எல்லாச் செய்தியும் அறிந்தது. யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் ஃபீஸ் கட்டவில்லை என்று முதலில் சொன்னது அதுதான். குளத்தைக் கலக்கிவிட்டுக் குடிக்கும் எருமை, மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது எழுந்து சந்தேகம் கேட்டுத் திடீர்த் தேர்வை மறுநாளுக்குத் தள்ளிய புண்ணியவான். நெய்யரியோ பாடத்தை முழுக்க மறந்து, வேதியியல் ஆசிரியர் நடுவில் சொன்ன ஒரு கதையையும், அவர் சாக்பீஸைக் காதோரம் செருகிக்கொள்ளும் அழகையும் மட்டும் பிடித்து வைத்திருப்பவன். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து அந்த ஆசிரியர் எப்படிப் பேசினார் என்று கேட்டால் அன்னங்களுக்குத் தெரியாது. நெய்யரி நடித்தே காட்டுவான்.

நன்னூல் இன்னொரு பெரிய காரியமும் செய்திருக்கிறது. ஒரு நூலுக்குப் பாயிரம், அதாவது நூலையும் ஆசிரியரையும் உலகுக்கு அறிமுகம் செய்யும் முன்னுரை, யார் எழுதலாம் என்று அது வரையறுக்கிறது. எழுதியவரே தன்னைப் புகழ்ந்துகொள்வது முறையல்ல. அவருடைய ஆசிரியர் எழுதலாம், மாணவர் எழுதலாம், உரைகாரர் எழுதலாம். இவர்களோடு சமமாக வைத்து நான்காமவர் ஒருவரையும் சொல்கிறது: அவரோடு உடன் படித்தவர். 'ஒருசாலை மாணாக்கர்' என்று இதற்கு ஓர் அழகான பழைய பெயரே தமிழில் உண்டு. தொல்காப்பியத்துக்குப் பாயிரம் எழுதிய பனம்பாரனார், தொல்காப்பியரோடு அகத்தியரிடம் பாடம் கேட்டவர் என்பது மரபுவழிச் செய்தி. தொல்காப்பியர் யார், எந்த அவையில் யார் முன்னிலையில் நூலை அரங்கேற்றினார், அதற்கு முன் என்னவெல்லாம் கற்றிருந்தார் என்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்தப் பாயிரம் சொன்னதுதான். தமிழின் முதல் பெரிய நூலின் ஆசிரியரை உலகுக்குச் சொன்னவர் பக்கத்து பெஞ்சுக்காரர்!

இந்த முறையை நாம் தலைகீழாக்கிவிட்டோம். பள்ளி இறுதி நாட்களில் கைமாறும் ஸ்லாம் புக்கைப் பாருங்கள். உன் பெயர் என்ன, உனக்குப் பிடித்த நிறம் எது, பிடித்த நடிகர் யார், உன் லட்சியம் என்ன என்று அச்சடித்த கேள்விகள். எழுதுகிறவர் தன்னைப் பற்றியே எழுதிவிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுக்கிறார். அதற்கு முந்தைய தலைமுறை ஆண்டர்சன் தெருவில் வாங்கிய வழவழப்பான ஆட்டோகிராஃப் நோட்டிலும், யார் நோட்டுக்கும் பொருந்தும் நான்கு வரிக் கவிதை ஒன்றும் ஒரு கையெழுத்தும்தான் இருந்தன. பிரிவின் ஏக்கம் அதில் உண்மையானதுதான். 'ஆட்டோகிராஃப்' படமும் '96' படமும் அதைத் தொட்டதால்தான் தமிழ்நாடே கண் கலங்கியது. ஆனால் யாரைப் பிரிந்து ஏங்குகிறோமோ அவரைப் பற்றி அந்த நோட்டுகளில் ஒரு வரிகூட இல்லை. இன்றைக்கு வாட்ஸ்அப் குழுவில் ஆயிரம் புகைப்படம் கிடக்கிறது. போன் மாறினால் அதுவும் போயிற்று.

உடன் படித்தவர்களின் நினைவு எவ்வளவு பெரிய சொத்து என்பதை இதே வடசென்னையின் பள்ளி ஒன்று நிரூபித்துக் காட்டியிருக்கிறது. யானைக்கவுனியிலிருந்து சைக்கிள் மிதித்தால் போய்விடும் தூரத்தில் இருக்கும் முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் பி.கே. சீனிவாசன் என்று ஒரு கணித ஆசிரியர் இருந்தார். கணித மேதை ராமானுஜன் இறந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டிருந்த காலத்தில், அவரை நேரில் அறிந்தவர்களைத் தேடிப் பிடித்து, அவர்களுடைய நினைவுகளையும் கடிதங்களையும் திரட்டினார். 1968-இல் அது ராமானுஜன் நினைவு மலராக வந்தது. வெளியிட்டது பல்கலைக்கழகம் அல்ல. அந்தப் பள்ளியின் பழைய மாணவர் குழுவும் எண் நண்பர்கள் கழகமும்தான். ராமானுஜனைப் பற்றிப் பின்னாளில் எழுதிய உலக ஆய்வாளர்கள் அந்த மலரைத் தேடி வரவேண்டியிருந்தது. ராயபுரத்தில் 1993-இல் ராமானுஜன் அருங்காட்சியகம் தோன்றியதிலும் சீனிவாசனுக்குப் பங்கு உண்டு.

பள்ளி, கல்லூரித் தோழர்களின் நினைவுகளில் வரும் ராமானுஜன் மேதையாக மட்டும் வருவதில்லை. கும்பகோணத்தில் பள்ளிக் கணக்குத் தேர்வு ஒன்றில் தனக்கு 45-க்கு 42, தோழன் சாரங்கபாணிக்கு 43 என்று தெரிந்ததும் கோபித்துக்கொண்டு பேச மறுத்த சிறுவனாக வருகிறார். 1906-இல் சென்னைக்கு வந்து, அப்போது ஜார்ஜ் டவுனில் இருந்த பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். உடலியல் தேர்வில் செரிமானத்தைப் பற்றிய கேள்விக்கு, அந்தப் பாடம் தனக்குச் செரிக்கவில்லை, மன்னிக்க வேண்டும் என்ற பொருள்பட எழுதிக் கொடுத்ததாகச் சொல்வார்கள். எஃப்.ஏ. என்ற கல்லூரித் தேர்வில் தோற்றார். கல்லூரிப் பதிவேட்டைப் பொறுத்தவரை கதை அங்கே முடிந்துவிட்டது.

முடியவிடாமல் பார்த்துக்கொண்டவர்கள் தோழர்கள். வேலையும் இல்லாமல் உடல்நலமும் கெட்டுக் கிடந்த ஒரு சமயம், ராதாகிருஷ்ண ஐயர் என்ற நண்பர்தான் அவரைத் தம் இடத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டு, மருத்துவரிடம் காட்டி, கும்பகோணத்துக்கு ரயிலேற்றிவிட்டார். புறப்படும்போது ராமானுஜன் தம் இரண்டு கணித நோட்டுகளை அவர் கையில் கொடுத்தார். தான் இறந்துவிட்டால் பச்சையப்பன் கல்லூரிப் பேராசிரியர் சிங்காரவேலு முதலியாரிடமோ, கிறிஸ்தவக் கல்லூரியின் ராஸிடமோ சேர்த்துவிடும்படி கேட்டுக்கொண்டார். பின்னாளில் உலகமே புரட்டிப் பார்த்த நோட்டுகள் அவை. 1912-இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தரானது, 1914-இல் கேம்பிரிட்ஜ் போனது எல்லாம் அதற்குப் பிறகு. டி.சி.யில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது.

புரசைவாக்கம் வெள்ளாளர் தெருவில் பாட்டி வீட்டில் வளர்ந்த ஆர்.கே. நாராயணனையும் இங்கே சேர்க்க வேண்டும். அவர் படித்த லுத்தரன் மிஷன் பள்ளியின் வேதாகம வகுப்பு, 1935-இல் வந்த 'சுவாமியும் நண்பர்களும்' நாவலின் முதல் அத்தியாயத்தில் நுழைந்துவிட்டது. வகுப்புத் தலைவன் சோமு, யாருக்கும் அஞ்சாத மணி, முதல் மதிப்பெண் சங்கர், பட்டாணி என்று பெயர் வாங்கிய குட்டி சாமுவேல் என்று அந்த நாவல் தொடங்குவதே வகுப்புத் தோழர்களின் படங்களோடுதான். சாமுவேலிடம் சிறப்பாக எதுவும் இல்லை, சாதாரணப் பையன் என்று எழுதி, அந்தச் சாதாரணத்தையே மறக்க முடியாததாக ஆக்கினார். ஒரு வகுப்பே தன்னைப் பதிந்துகொண்ட முன்மாதிரியும் உண்டு: அமெரிக்காவின் யேல் கல்லூரியில் 1806-இல் பட்டம் பெற்ற வகுப்பு, புகைப்படம் பிறக்கும் முன்பே, முகங்களின் நிழலுருவங்களைத் தொகுத்து ஒரு மலர் செய்துகொண்டது. அமெரிக்கப் பள்ளிகளில் இன்றுவரை ஆண்டு மலர் பெரிய விஷயம். நம் தனியார் பள்ளிகள் சிலவும் பளபளப்பான தாளில் போடுகின்றன. அவற்றில் தாளாளர் செய்திக்கு நான்கு பக்கம், மாணவருக்கு ஒரு தபால் தலை அளவுப் படம். அது மலரே அல்ல.

இதில் கவலைப்பட வேண்டிய விஷயமும் ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டிப் போகக் கூடாது. கேலி எல்லாம் அன்பு அல்ல. நிறத்தை, உடம்பை, திக்குவாயை, வீட்டுத் தொழிலை, சாதியைக் குறிவைக்கும் பட்டப்பெயரோடு பள்ளியை முடித்தவர்களுக்குப் பழைய வகுப்பு என்றாலே இன்றும் நெஞ்சு கசக்கும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ படித்த பட்டியலின மாணவரை அதே பள்ளி மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதி அடையாளக் கயிறுகளை மாணவர் கட்டக்கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது என்றெல்லாம் அது பரிந்துரைத்தது. கயிற்றை அறுப்பது அரசாணையால் முடியும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை ஒரு மனிதராகப் பார்த்து, அவர் எப்போது சிரிப்பார், எதற்குப் பயப்படுவார், யாருக்கு எதை விட்டுக் கொடுத்தார் என்று கவனித்து ஒரு பக்கம் எழுதுவது வேறொரு பயிற்சி. தெரியாத ஒருவரை அன்போடு கேலி செய்ய முடியாது. புண்படுத்தாமல் சிரிக்க வைக்க வேண்டுமென்றால் அவரைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும்.

ஆகவே விதிகள் வேண்டும், கடுமையாகவே. உடம்பும் சாதியும் நிறமும் வரக்கூடாது. யாரைப் பற்றி எழுதுகிறார்களோ அவர் முதலில் படிக்க வேண்டும். வேண்டாம் என்றால் அடித்துவிட வேண்டும். நெருங்கிய நண்பரைத் தேர்ந்தெடுத்து எழுதக் கூடாது, சீட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நாற்பது பேர் வகுப்பில் முப்பது பக்கம் மூன்று கார்த்திக்குகளுக்கே போய்விடும்; ஜன்னலோரம் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு யாரும் இருக்க மாட்டார்கள். அவளைப் பற்றி எழுத வேண்டிய சீட்டு யார் கையில் விழுகிறதோ, அவர் ஒரு வாரமாவது அவளைக் கவனிப்பார். மழைநாளில் அவள் குடைக்குள் எத்தனை பேர் நனையாமல் போனார்கள் என்று அப்போதுதான் வகுப்புக்கே நினைவு வரும்.

தமிழ்நாடு அரசு 2017-இல் பொதுத் தேர்வுகளில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை நிறுத்தியது. மிக நல்ல முடிவு. அதற்கு முன்பெல்லாம் மே மாதம் வந்தால் பத்திரிகைகளின் முதல் பக்கத்தை இனிப்பு ஊட்டப்படும் முகங்கள் நிறைத்திருந்தன. அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. மதிப்பெண்ணால் முதலிடம் வந்தவரை அறிவிக்க வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள், மொழிபெயர்ப்பில் முதலிடம், ஹாரன் சத்தத்தில் முதலிடம், டப்பாவைப் பகிர்ந்ததில் முதலிடம் என்று வகுப்பே அறிவிக்கும் பட்டியலுக்கு ஒரு நோட்டு ஒதுக்கலாமே.

செலவு என்று பார்த்தால் ஒரு நீளமான நோட்டு. நேரம் என்று பார்த்தால் தமிழ்ப் பாடவேளை நான்கைந்து. உரைநடைப் பயிற்சிக்கு இதைவிட நல்ல தலைப்பை எந்தத் தமிழாசிரியரும் தேட வேண்டியதில்லை. அரசின் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் 2022 டிசம்பரில் தொடங்கியதிலிருந்து, முன்னாள் மாணவர்களைப் பள்ளியோடு மீண்டும் இணைப்பது பற்றி நிறையப் பேசுகிறோம். முப்பது வருடம் கழித்துப் பள்ளிக்கு வரும் ஒருவருக்கு வண்ணம் பூசிய சுவரைக் காட்டுவதைவிட, அவர் வகுப்பு அவரைப் பற்றி எழுதிய பக்கத்தை நூலகத்திலிருந்து எடுத்துக் கொடுத்துப் பாருங்கள். நின்ற இடத்திலேயே உட்கார்ந்து படிப்பார்.

வால்டாக்ஸ் சாலைக்கும் தங்கசாலைக்கும் இடையே உள்ள மாநகராட்சிப் பள்ளிகளின், அரசு உதவிபெறும் பழைய பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பொதுத் தேர்வு மார்ச்சில் வந்துவிடும். ஜனவரியிலேயே நோட்டை வாங்கிவிடுங்கள். முதல் பக்கத்தில் வகுப்பு, பிரிவு, ஆண்டு மட்டும் எழுதி வையுங்கள். மீதியைப் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள்.